சந்திரவடிவுக்கு மட்டும் சரிந்த தரை

தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் போகிற சாலையை ஒட்டி ஆசீர் நகர் என்றொரு குடியிருப்பு இருக்கிறது, அதன் இரண்டாம் தெருவில் கார் வாங்காமலே கார் ஷெட் கட்டிய ஒரு மனிதர் இருந்தார், அவர் பெயர் சேர்மத்துரை. வேலைக்காலம் முழுவதும் ஒரு கப்பல் ஏஜென்சியில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து காகிதம் பார்த்தவர்தான், ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அவர் நேராகப் போவது அந்த ஷெட்டுக்குத்தான். உள்ளே வேப்பம்பலகையில் ஒரு வேலை மேஜை, அதன் ஓரத்தில் போல்ட்டு போட்டு இறுக்கிய, எதையும் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸ், பின்சுவர் முழுக்க ஒட்டுப்பலகை அடித்து அதில் வரிசையாகத் தொங்கும் சாமான்கள். சுத்தியல் என்றால் ஒன்றல்ல, ஆணிக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, கண்ணாடிச் சட்டத்துக்கென்று ரப்பர் தலை வைத்தது ஒன்று. அரங்களுக்கு எண்ணெய்த் துணியில் உறை தைத்திருந்தார். டிரில்லிங் மெஷினைக் கைக்குழந்தையைப் போலத் துடைத்து வைப்பார். யார் எதை எடுத்தாலும் அந்த இடம் வெறுமையாகத் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றின் உருவத்தையும் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் வரைந்திருந்தார், அதனால் தெருவில் யாராவது ஸ்பானரை இரவல் வாங்கிப் போனால் அதன் வெள்ளை நிழல் மட்டும் சுவரில் காத்திருக்கும்.

ஷெட்டின் வாய் மேற்கே தெருவைப் பார்த்திருந்தது. பின்சுவர் கிழக்குச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கோயில்பிச்சையின் வீடு. கோயில்பிச்சை பார்சல் லாரி ஷெட்டில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் என்பதால், சேர்மத்துரை ஓய்வு பெற்றுப் பகலிலும் இரும்பு அறுக்கத் தொடங்கிய பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று.

சேர்மத்துரையின் மனைவி சந்திரவடிவு. புரட்டாசியில் ஒரு காலை, அடுப்படியில் நின்று பருப்புக் கடைந்துகொண்டிருந்தவள், கால் எடுத்து வைக்காமலே கிழக்கே ஒரு முழம் நகர்ந்தாள். மத்தும் சட்டியும் அவள் கையோடு நகர்ந்தன. திரும்பவும் மேற்கே ஏறி நின்றாள், திரும்பவும் நகர்ந்தாள்.

"இங்கேருங்க," என்று கூப்பிட்டாள். "தரை சரிஞ்சு கெடக்கு. வந்து பாருங்க."

அவர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். கிழமேலாக வைத்துப் பார்த்தார், தென்வடலாக வைத்துப் பார்த்தார், குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றது.

"சரியாத்தானே இருக்கு வடிவு. உனக்கு ஒண்ணுமில்ல. தலைசுத்தலா இருக்கும்."

"தலை சுத்தல. தரைதான் சரியுது. உங்களுக்குச் சரியா இருக்கு, எனக்குச் சரியா இல்ல."

ரசமட்டத்தால் சொல்ல முடியாததைத் தூக்குக்குண்டு சொன்னது. மறுநாள் அவர் கொத்தனார்கள் சுவருக்கு நேர் பார்க்கிற அந்தப் பித்தளைக் குண்டை நூலோடு எடுத்து வந்து தன் கையில் பிடித்தார், அது நேராகத் தொங்கியது. நூலை அவள் கையில் கொடுத்தார், குண்டு மெல்லக் கிழக்கே நகர்ந்து, அங்கேதான் தன் அடிவாரம் என்பது போலச் சாய்வாக நின்றுவிட்டது. அவள் விரலை விட்டதும் நேராகத் தரையில் விழுந்தது. அப்படித்தான் இருவருக்கும் புரிந்தது. தரை அவளுக்கு மட்டும் சரிந்திருந்தது, அவள் உடுத்தியதும் பிடித்ததும் அவளோடு சரிந்தன, விட்டால் எல்லோருடைய தரைக்கும் திரும்பிவிட்டன.

சேர்மத்துரை அதிகம் யோசிக்கிறவர் அல்ல, ஒரு காரியம் பழுதானால் அதற்கு எந்தச் சாமான் என்று மட்டும் பார்க்கிறவர். அவள் செருப்பின் ஒரு பக்கத்தில் ரப்பர் ஆப்பு வெட்டி ஒட்டினார். கட்டிலின் கிழக்குக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை கொடுத்தார். அடுப்படியிலிருந்து குளியலறை வரைக்கும் சுவரில் துளை போட்டு, இரும்புக் குழாயில் கைப்பிடி மாட்டினார். ஆனால் சரிவு நிற்கவில்லை. ஆப்பின் உயரம் ஏற ஏற அவள் செருப்பு செருப்பாக இல்லாமல் போயிற்று, கட்டில் பரண் போல் ஆயிற்று. ஒருநாள் வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனவள் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் போய் மோதி அப்படியே சாய்ந்து நின்றாள், நல்லவேளை அங்கே சுவர் இருந்தது.

அது ரெக்ஸலின் என்கிற டீச்சர் வீட்டுச் சுவர். டீச்சர் மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு எடுப்பவள். பிரஷ்ஷும் வாயுமாக வெளியே வந்து பார்த்தவள், நடந்ததைக் கேட்டுவிட்டு வாய் கொப்பளித்துத் துப்பினாள்.

"அப்போ அக்காவுக்கு எங்க சுவரு தரை மாதிரி. அப்படித்தானே அண்ணாச்சி?"

"இன்னும் அவ்வளவுக்கு வரல டீச்சர். ஒரு மேட்டுல நிக்கிற மாதிரின்னு சொல்லுதா."

"வந்துரும்போல. எங்க சுவத்துலயும் குழாய் அடிச்சிருங்க. அக்கா கடைக்குப் போக வேண்டாமா?"

இப்படித்தான் அந்தத் தெருவில் கைப்பிடி முளைத்தது. கிழக்கு வரிசை வீடுகளின் சுற்றுச்சுவர்களில் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றாகத் துளைபோட்டு, பிள்ளையார் கோயில் வரைக்கும் சேர்மத்துரை குழாய் இழுத்தார். வாசற்கதவு வருகிற இடங்களில் சங்கிலி, சந்து பிரிகிற இடத்தில் கயிறு. யாரும் மறுக்கவில்லை. எதிர்வரிசை வீட்டுக்காரர்கள், தங்கள் சுவருக்கு ஏன் குழாய் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அனுமதி வாங்கினீர்களா என்று விசாரித்தார், விசாரித்து முடிக்கிறவரை அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே நின்றார், போகும்போது நல்ல வசதி என்று சொல்லிப் போனார். நாளாவட்டத்தில் முழங்கால் வலிக்காரர்களெல்லாம் அதைப் பிடித்து நடந்தார்கள், துணி காயப் போட்டார்கள், கீரைக்காரி கூடையை அதில் முட்டுக்கொடுத்து இறக்கினாள், யாரோ தேர்தலுக்குக் கொடி கட்டினார்கள்.

காரணம் தேடி அலைந்தவர்கள் அதிகமில்லை. பிள்ளையார் கோயில் பக்கம் பேச்சு வந்தபோது, "நாமதானே கிழக்கைக் கீழப் பக்கம்னு சொல்லுதோம், மேற்கை மேலப் பக்கம்னு சொல்லுதோம். தலைமுறை தலைமுறையாச் சொல்லியாச்சு. ஒரு உடம்பாவது அதைக் கேட்டுக்கிட வேண்டாமா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள், கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு ஆசீர் நகரில் இன்ன வீடு எங்கே என்றால், "வடிவக்காவுக்குப் பள்ளத்துல மூணாவது வீடு" என்று சொல்லத் தொடங்கினார்கள், ஆட்டோக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது.

ஓசூரில் இருந்த மகள் சிவசெல்வி லீவு போட்டு வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே வாடகைக் கார் பிடித்தாள். பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று. பாளையங்கோட்டை மேற்கே இருக்கிறது. கார் போகப் போகச் சந்திரவடிவுக்கு அது செங்குத்தான மலையேற்றமாக இருந்தது, முதுகு சீட்டில் அழுந்த, "இன்னும் எவ்வளவு ஏறணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டாக்டர் ரத்தம் எடுத்தார், தலையைப் படம் எடுத்தார், காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். எல்லாம் நார்மல் என்றார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலி அவளோடு சேர்ந்து நகர்ந்து கிழக்குச் சுவரில் முட்டியது. டாக்டர் அதைப் பார்த்தார், சற்று நேரம் பேனாவைத் திறந்து மூடினார், பிறகு சேர்மத்துரையிடம் மெதுவாகச் சொன்னார்.

"பலமான சுவரா ஒண்ணு பாத்துக்கிடுங்க சார். கிழக்குப் பக்கம். ஜன்னல் இல்லாததா."

அந்த வீட்டில் ஜன்னல் இல்லாத கிழக்குச் சுவர் ஒன்றுதான் இருந்தது, அது ஷெட்டின் பின்சுவர்.

மகள் லீவு முடிந்து போன அன்று சேர்மத்துரை ஷெட்டுக்குள் போய் நின்றார். சுவர் முழுக்கச் சாமான்கள். ஒவ்வொன்றையும் எங்கே எப்போது வாங்கினார், எதைச் சரிசெய்ய வாங்கினார் என்று அவருக்குத் தெரியும். மூலைமட்டம் மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பந்தியில் உட்காராமல் கடை தேடிப் போய் வாங்கியது. இழைப்புளியின் பிடி அவருடைய உள்ளங்கைக்கு ஏற்பத் தேய்ந்திருந்தது. எல்லாம் இருந்தன, வெட்ட, துளைக்க, இறுக்க, நெம்ப, ஒட்ட, உருக்க. இவற்றில் எதை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் நிற்பது? எங்கே வைத்துத் திருகுவது? ஒரு திருகாணியாவது அவளிடம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், ராத்திரி பகலாக உட்கார்ந்து சரிசெய்துவிடுவார். அவர் அந்தப் பலகையின் முன் நின்று வாய்விட்டு அழுதார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார்.

வீட்டுக்குள் வைக்க இடமில்லை, அவளுக்கு இடறும். அதனால் தெருவுக்கே கொடுத்தார். ரப்பர் சுத்தியல் டீச்சர் வீட்டுக்குப் போயிற்று, டீச்சர் அதில் சப்பாத்தி மாவைத் தட்டினாள். மூலைமட்டத்தையும் அவளே வாங்கிக் கரும்பலகையில் கோடு போடப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். ரசமட்டத்தை எதிர்வீட்டில் டிவிக்கு மேலே அழகுக்கு வைத்தார்கள். அரங்களில் ஒன்று மீன் செதில் உரசப் போயிற்று. யாரும் வேண்டுமென்று தவறாகச் செய்யவில்லை, அவரவர் வீட்டில் அதற்கு இருந்த வேலை அது. சேர்மத்துரை அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கழற்றினார்.

வைஸைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அவர் தனியாக முக்கிக்கொண்டிருந்தபோது, வருஷக்கணக்கில் அந்த வாசலை மிதிக்காத கோயில்பிச்சை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அந்தப் பக்கம் பிடிங்க," என்றார்.

இருவருமாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். கோயில்பிச்சை மூச்சு வாங்கிக்கொண்டு, காலியான சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அந்தப் பக்கம் என் கட்டில் போட்டுருக்கேன். ஒத்தைக்கல் சுவருதான் அண்ணாச்சி. மதினி எடை தாங்குமா?"

"தாங்கும்னு நெனைக்கேன்."

"நெனைச்சா போதாது. என் கட்டிலை எடுத்துட்டு நாளைக்கு ரெண்டு தூணு முட்டுக் குடுத்துருதேன். நான் முன்னறையில படுத்துக்கிடுதேன்." கொஞ்சம் நிறுத்தி, "இனிமே இங்க மிசினு சத்தம் இருக்காதுல்லா?" என்றார். அதைக் கேட்டுவிட்டு அவருக்கே முகம் சிறுத்துப்போயிற்று. "சத்தம் இருந்தாலும் பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு வைஸைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அதை அவர் தண்ணீர்த் தொட்டி மூடி காற்றில் பறக்காமலிருக்க மேலே வைத்தார்.

கார்த்திகை மழை விட்டபோது சந்திரவடிவுக்குச் சரிவு முழுசாயிற்று. அன்றைக்கு அவள் ஷெட்டின் பின்சுவரில் கால் ஊன்றி நின்றாள், உடம்பு தரைக்குக் கிடையாக, தலை தெருவைப் பார்த்து. பின்னல் முதுகோடு சுவரைப் பார்த்துக் கிடந்தது. அவள் நடமாடுகிற தரை நமக்கெல்லாம் சுவர். சேர்மத்துரை அதில் தென்னங்கயிற்றுப் பாய் அடித்தார், கட்டிலைச் சுவரில் நான்கு போல்ட்டில் நிறுத்தினார், அந்தத் துளைகளோடு டிரில்லிங் மெஷினுக்கும் வேலை முடிந்தது. அதையும் யாரோ வாங்கிப் போனார்கள்.

அவளுக்கு அந்த ஷெட் ஒரு கிணறு. அடியில் அவள், உயரே வாய். அந்த வாயில் தெரு தெரியும், சைக்கிள்கள் கிணற்று விளிம்பில் ஒட்டிக்கொண்டு ஓடும், ஆடுகள் ஒட்டிக்கொண்டு மேயும். காலையில் வெயில் அவள் பக்கமே வராது. மத்தியானம் பக்கவாட்டில் வரும். எல்லோருக்கும் பொழுது சாய்கிற நேரத்தில்தான் சூரியன் அவளுடைய உச்சிக்கு நேராக வரும், தெரு அடங்கி விளக்கேற்றுகிற அந்த வேளை அவளுக்கு நடுப்பகல்.

தெரு அவளையும் தன் அன்றாடத்தில் சேர்த்துக்கொண்டது. சுண்டல், மாவிளக்கு, கிறிஸ்துமஸ் பலகாரம் எல்லாம் ஷெட் வாசலுக்கு வந்தன. பெண்கள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அவளோடு பேசினார்கள், ஆசீர் நகர்ப் பெண்கள் கடையில் நிற்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் தலையைச் சாய்த்தே பேசுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்கிற அளவுக்கு அது பழகிற்று. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்க, அவளைக் குளிப்பாட்டுகிற, உடுத்துகிற காரியங்களையெல்லாம் டீச்சரும் கோயில்பிச்சையின் மனைவியும் பார்த்துக்கொண்டார்கள். சோறு மட்டும் சேர்மத்துரை கொடுப்பார். தட்டை அவளுக்கு எட்டுகிற மாதிரி தூக்கிப் பிடிப்பார், அவள் விரல் தட்டில் படுகிறவரை சோறு நம்முடையது, பிடித்த பிறகு அவளுடையது.

ஒன்றை அவர் கவனித்தார். தட்டை வாங்குகிற அந்த நொடி தவிர மற்ற நேரமெல்லாம் அவள் தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் வந்தால் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். தன்மேல் கோபம் என்று நினைத்தார். ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை என்று முதல்நாள் சொன்னதை அவள் மறக்கவில்லை என்று நினைத்தார். அதைக் கேட்கவும் அவருக்குப் பயமாக இருந்தது, கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாததால் பேசாமல் இருந்தார்.

ஒரு நாள் காப்பி டம்ளரைக் கொடுக்கும்போது அவருடைய சுண்டுவிரல் அவள் விரலுக்குள் மாட்டிக்கொண்டது. யாரோ உள்ளிருந்து இழுப்பது போல அவர் கை கிழக்கே போயிற்று, தோள் போயிற்று, குதிகால் தரையிலிருந்து எழும்பிற்று. அவள் பதறிக் கையை உதறினாள். டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"இதுக்குத்தான் கையை மறைச்சியா?" என்றார்.

அவள் கைகளை மறுபடி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "டீச்சர் வீட்டுப் பூனைக்குட்டி வந்துச்சுல்லா. ஆசையாத் தூக்கினேன். எங்கூட சுவத்துல வந்து மடியில படுத்துக்கிடுச்சு. நல்லாத் தூங்குச்சு. எந்திரிச்சு என் கையை விட்டுத் துள்ளுச்சு பாருங்க, அப்பிடியே உங்க தரையில போயி விழுந்துச்சு. இன்னும் நொண்டிக்கிட்டுத்தானே திரியுது?"

"என்னைப் பிடி வடிவு."

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவை."

"விட்டா விழுவீங்க. விடாம இருக்க என்னால முடியுமா? நீங்களும் இங்க வந்துட்டா எனக்கு யாரு சோறு குடுப்பா?"

அவர் கீழே கிடந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். ஆனாலும் அவர் தினமும் கேட்டார், சோறு கொடுக்கும்போது கேட்டார், விளக்குப் போடும்போது கேட்டார், குழந்தை மிட்டாய்க்குக் கேட்பது போல, பிறகு கடன்காரன் கேட்பது போல, பிறகு ஒன்றும் எதிர்பார்க்காதவன் கேட்பது போலக் கேட்டார். அவள் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் கழுத்து வலியோடு ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், அவளுடைய உச்சிவெயில் நேரத்தில், அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது அவளே பேசினாள்.

"உங்க முகத்தை நேராப் பாத்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா? எப்பப் பாத்தாலும் பக்கவாட்டுல தெரியுது. யாரோ மாதிரி இருக்கீங்க."

அவர் ஸ்டூலை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"பூனைக்குட்டியை நான் ஒழுங்காப் பிடிக்கல," என்று சொல்லி அவள் முந்தானையிலிருந்து கையை எடுத்தாள்.

சேர்மத்துரை ஸ்டூலில் ஏறி, கையை நீட்டினார். அவள் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்தாள். கண் மூடித் திறப்பதற்குள் ஷெட்டின் தரை அவர் காலுக்குக் கீழே இல்லை, அது பக்கத்தில் சுவராக நின்றது, அவர் கயிற்றுப் பாயில் முழங்கால் அடிபட விழுந்து கிடந்தார், ஸ்டூல் மட்டும் அதன் இடத்திலேயே இருந்தது. எழுந்து நின்றார். அவள் எதிரே நின்றாள். நேராக, நெற்றிப் பொட்டு நேராக, மூக்குத்தி நேராக, நரை கூடியிருந்ததும் கன்னம் வற்றியிருந்ததும் நேராகத் தெரிந்தது. அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே ஷெட்டின் வாய், அதற்கு மேலே தெரு, எதிர்வீட்டு மாடி, அதற்கும் மேலே சூரியன், அதற்குமேல் ஒன்றுமே இல்லை. இத்தனை ஆழத்தில் இவள் தனியாக நின்று, தட்டை நீட்டும்போதெல்லாம் சிரித்தாள், ஊர்க்கதை கேட்டாள்.

"இப்பிடியா இருந்துச்சு?" என்றார்.

"இப்பிடித்தான்."

"நான் உனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேனே வடிவு."

"சொன்னீங்க," என்று அவள் சொன்னாள். அதில் கோபம் இல்லை. அவர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார், அவள் ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி மறுகையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே தரையில் நின்றார்கள்.

ரெக்ஸலின் டீச்சர் குழம்புக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். தலையைச் சாய்த்தாள்.

"அண்ணாச்சியும் இறங்கிட்டீங்களா? அப்போ நாளையிலருந்து சோத்தையும் நான்தான் கொண்டாரணும்," என்றாள். பிறகுதான் அவர்களுடைய கையைக் கவனித்தாள். "அக்கா, விட்டா அண்ணாச்சி என்ன ஆவாவ?"

சந்திரவடிவு பிடியை இறுக்கினாள். டீச்சர் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு ஓடினாள்.

கோயில்பிச்சை வந்தார், அவர் மனைவி வந்தாள், தெருவே வந்தது. கோயில்பிச்சை ஒரு கயிற்றை வீசினார், சேர்மத்துரை அதை இடது கையால் வாங்கித் தங்கள் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினார். சோதித்துப் பார்க்க அவள் விரல்களைக் கொஞ்சம் தளர்த்தியதும் அவர் உடம்பு ஷெட்டின் தரையை நோக்கி இழுபட்டது, கயிறு இருவர் தோலையும் அறுத்தது, அவள் அலறிக்கொண்டு மறுபடி இறுக்கினாள். கட்டுவது பிடிப்பதாகாது. பிடிப்பதற்கென்றே எத்தனை சாமான் வைத்திருந்தார் அவர். வைஸ், குறடு, பைப் ரெஞ்சு, ஒட்டிய பலகை காய்கிறவரை விடாமல் பிடித்திருக்கும் கிளாம்புகள். அத்தனையும் இப்போது கையருகே இருந்தாலும் அவற்றில் ஒன்றுகூட ஆகாது, அவளுடைய வெறும் விரல்கள்தான் வேண்டும், அந்த விரல்களோ ஏற்கெனவே வெளுத்துப்போயிருந்தன.

"எம்புட்டு நேரம் தாங்கும் மதினி?" என்று கோயில்பிச்சை கேட்டார்.

"தெரியலையே அண்ணாச்சி. மரத்துக்கிட்டு வருது."

"இப்பவே விடு," என்றார் சேர்மத்துரை. "விழுந்தா விழுதேன். பெரிய உயரமா என்ன?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

தெருக்காரர்கள் அதற்கு மேல் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய் மெத்தைகளைச் சுமந்து வந்தார்கள். இலவம்பஞ்சு மெத்தை, ரப்பர் மெத்தை, பிள்ளைத்தாய்ச்சிக்கென்று புதிதாகத் தைத்து வைத்திருந்த ஒன்று. எதிர்வீட்டுக்காரர் சோபாவின் திண்டுகளை உருவிக்கொண்டு வந்தார். ஷெட்டின் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை, கல்யாண வீட்டில் பந்திப்பாய் விரிப்பவர்களைப் போல மும்முரமாக விரித்தார்கள். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ தெருவில் குரல் கொடுத்ததும், குடங்களை நினைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள், போகும்போது, "வருதோம் வடிவு, இந்தா வந்துருதோம்," என்று சொல்லிப் போனார்கள்.

கோயில்பிச்சை மட்டும் நின்றார். ஒரு தலையணையை எடுத்து மெத்தையின் மேல் வைத்தார். சுவரில் நின்றிருந்த சேர்மத்துரையின் தலையைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், குனிந்து அதை ஒரு சாண் தள்ளி வைத்தார். திரும்பவும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்த்திவிட்டு, அது சரியாக இருப்பதாகத் தோன்றியதும் தன் வீட்டுக்குப் போனார்.

"அவரு தலையணையை எங்க வச்சாரு பாத்தீங்களா?" என்று சந்திரவடிவு கேட்டாள்.

"பாக்கல," என்று சொன்னார் சேர்மத்துரை. அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய மோதிரவிரல் அவருடைய மணிக்கட்டிலிருந்து மெல்ல நழுவிற்று, அவள் மற்ற விரல்களை இறுக்கிக்கொண்டாள்.